பால்புதுமையினருக்குச் சமயச் சமூகம் துணை நிற்பது எப்படி?

நீலகிரியின் சிற்றூர்களில் ஒரு குடும்பம் ஊரோடு சேர்ந்திருக்கிறதா என்பதை ஒரு நோட்டுப் புத்தகமே சொல்லிவிடும். மாரியம்மன் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி எழுதும் நோட்டில் அக்குடும்பத்தின் பெயர் இருக்க வேண்டும். கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால் சபைச் சந்தா கட்டிய கணக்கில் இருக்க வேண்டும். கலியாண அறிவிப்பான ஓலையைச் சபையில் வாசிப்பது, கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடைப்பது, உடம்பு முடியாமல் கிடப்பவரைப் பார்க்க நான்கு பேர் வருவது எல்லாம் அந்தப் பெயரைத் தொட்டே நடக்கின்றன. ஆகவே தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டிலோ, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் போன்ற சிறு நகரத்திலோ வாழும் பால்புதுமையினர் (தன்பாலீர்ப்பு உடையோர், திருநங்கையர், திருநம்பியர் போன்றோர்) ஒருவருக்குக் கோயிலோ சபையோ பள்ளிவாசலோ கதவைச் சாத்தினால், வழிபாட்டோடு சேர்த்து அக்கம்பக்கத்தையும், வேலைக்குச் சிபாரிசு செய்யும் ஆட்களையும், துக்கத்துக்குத் தோள் கொடுப்பவர்களையும் அவர் இழந்துவிடுகிறார். பெருநகரத்தில் ஒரு சபையை விட்டு இன்னொரு சபைக்குப் போய்விடலாம். மலையில் அந்த வசதி பெரும்பாலும் இல்லை.

இந்த நிலையில் இருப்பவருக்கு அவருடைய சமயச் சமூகமே கைகொடுப்பதைத்தான் சமயம் சார்ந்த துணை என்கிறோம். அவர் எப்படி இருக்கிறாரோ அப்படியே அவருக்குரிய இடத்தைக் காப்பாற்றிக் கொடுப்பது, பாகுபாடு நேரும்போது உடன் நிற்பது, கடவுளும் தன்னைக் கைவிட்டுவிட்டார் என்ற எண்ணம் அவர் மனத்தில் வேரூன்றாமல் பார்த்துக்கொள்வது ஆகிய மூன்றும் இதில் அடங்கும். மதம் மாற்றுவதற்கும், ஆளையே மாற்றுவதற்கும் இதில் இடமில்லை.

பால்புதுமையினர் என்ற சொல் பலரையும் உள்ளடக்கியது. தன் பாலினத்தவர் மீதே ஈர்ப்புக் கொள்வோர், இருபாலீர்ப்பு உடையோர், பிறப்பில் குறிக்கப்பட்ட பாலினத்திலிருந்து வேறுபட்டுத் தம்மை உணரும் திருநங்கைகள், திருநம்பிகள், ஆண், பெண் என்ற வழக்கமான வரையறைக்குள் அடங்காத உடற்கூறுகளோடு பிறக்கும் இடைப்பாலினர் எனப் பலர் இதில் வருவர். யார் மீது ஈர்ப்பு வருகிறது என்பது வேறு, ஒருவர் தம்மை ஆணாகவோ பெண்ணாகவோ உணர்வது வேறு என்ற அடிப்படையைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். இவற்றில் எதுவும் நோயன்று. உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 அன்று தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமோ இன்னும் ஒரு படி மேலே போய், ஒருவர் தம் சமூகத்தின் ஒழுக்க மரபுகளுக்கோ சமய நம்பிக்கைகளுக்கோ ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து அவருக்கு மனநோய் என்று தீர்மானிக்கக் கூடாது என்கிறது. ஊர் வழக்கத்துக்கு மாறாக இருப்பவரைப் பைத்தியம் என்று சொல்லிவிடுவது எவ்வளவு சுலபம் என்பதை அறிந்தவர்கள் எழுதிய விதி அது.

துணை என்ற பெயரில் அதற்கு நேர்மாறானதும் நடக்கிறது என்பதால், அதை முதலில் பிரித்தறிய வேண்டும். மகனுடைய ஈர்ப்பு தெரியவந்ததும் அவனை உபவாசக் கூட்டத்தில் முழங்காலில் நிறுத்திப் பிசாசை விரட்டுவது, கோயிலுக்கு அழைத்துப்போய்க் குறி கேட்டு வேப்பிலை அடிப்பது, மந்திரித்துத் தாயத்துக் கட்டுவது, இவை எதுவும் பலிக்காவிட்டால் ‘ஒரு கால்கட்டைப் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்’ என்று அவசரமாகப் பெண் பார்ப்பது ஆகியவற்றையெல்லாம் பெற்றோர் பாசத்தால்தான் செய்கிறார்கள். அந்தப் பாசத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் ஈர்ப்பை இவை மாற்றுவதில்லை. தன்னிடம் ஏதோ அசுத்தம் இருக்கிறது என்ற எண்ணத்தைத்தான் பிள்ளையின் மனத்தில் விதைத்துவிடுகின்றன. கால்கட்டுப் போடுவதில் இன்னொரு கொடுமையும் இருக்கிறது. எதுவும் அறியாமல் கழுத்தை நீட்டும் அந்தப் பெண்ணின் வாழ்க்கையும் சேர்ந்து பாழாகிறது. உண்மை தெரிந்தும் அத்தகைய திருமணத்தை முன்னின்று நடத்திவைக்கும் பெரியவர்கள் இரண்டு பேருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் ஆகிறார்கள்.

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கோரிய இரண்டு இளம்பெண்களின் வழக்கில், 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், பால்புதுமையினரை மருத்துவத்தின் பெயரால் மாற்ற முயல்வதைத் தடைசெய்து, அப்படிச் செய்யும் மருத்துவ வல்லுநர்கள் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அத்தகைய ‘மாற்றுச் சிகிச்சை’யைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. அந்த வழக்கில் சமயத் தலைவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இந்தப் பொருள் தமக்குப் போதிய அளவு புரியவில்லை என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, நீதிபதி தாமே ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே தீர்ப்பு எழுதினார். உயர்நீதிமன்ற நீதிபதிக்கே அது இழுக்கில்லை என்றால், ஒரு பங்குத்தந்தையோ போதகரோ பூசாரியோ இமாமோ அப்படிக் கேட்டறிவதில் என்ன குறைந்துவிடும்?

உண்மையான துணையையும் மாற்ற முயலும் அழுத்தத்தையும் வேறுபடுத்த நான் ஒரே கேள்வியைத்தான் பயன்படுத்துவேன். இந்தப் பிள்ளை இப்போது இருப்பதுபோலவே கடைசிவரை இருந்தால், நம்மிடம் அவருக்குள்ள இடம் அப்படியே இருக்குமா? ‘இருக்கும்’ என்பவர்களின் ஜெபமும் பூசையும் அவருக்கு ஆறுதல் தரும். ‘மாறினால் இருக்கும்’ என்பவர்கள் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும், அங்கே போகும் ஒவ்வொரு முறையும் அந்தப் பிள்ளைக்குக் காயம்தான் மிஞ்சும்.

சமயங்களின் நூல்கள் இதைப் பற்றி என்ன சொல்கின்றன என்ற கேள்வி வராமல் இருக்காது. கண்டிக்கும் வரிகள் அவற்றில் உண்டு, அவை ஒருவரை நோக்கிப் பலமுறை வீசப்பட்டும் இருக்கும். அரவணைக்கும் வரிகளும் அதே நூல்களில் இருக்கின்றன என்பதுதான் பலருக்குச் சொல்லப்படாமல் போகிறது. விவிலியத்தின் ஏசாயா 56ஆம் அதிகாரம், அண்ணகன் (ஆண்மை நீக்கப்பட்டவர்) தன்னைப் பட்டமரம் என்று சொல்லிக்கொள்ள வேண்டாம் என்கிறது. பிள்ளைப்பேறு இல்லாததால் சமூகம் ஒதுக்கிவைத்த அவர்களுக்கு, மகன்களுக்கும் மகள்களுக்கும் உள்ளதைவிட மேலான பெயரை ஆண்டவர் தம் ஆலயத்துக்குள்ளேயே தருவதாக வாக்களிக்கிறது. அப்போஸ்தலர் நடபடிகள் 8ஆம் அதிகாரத்தில் எத்தியோப்பிய நாட்டு அண்ணகர் ஒருவர் வழியில் தண்ணீரைக் கண்டதும், தாம் ஞானஸ்நானம் பெறத் தடை என்ன என்று கேட்கிறார். அவருக்கு நற்செய்தி அறிவித்துவந்த பிலிப்பு அவருடைய உடலைப் பற்றி எதுவும் விசாரிக்கவில்லை. இருவருமாகத் தண்ணீரில் இறங்கினார்கள் என்றுதான் அந்தப் பகுதி சொல்கிறது.

திருச்சபைகளின் இன்றைய நிலைப்பாட்டையும் பூசி மெழுகாமல் சொல்ல வேண்டும். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் தன்பாலின உறவை ஏற்கவில்லை. அதே நூலின் 2358ஆம் பத்தி, இத்தகையோரை மரியாதையோடும் பரிவோடும் கனிவோடும் ஏற்க வேண்டும் என்றும், அநியாயமாக அவர்களை வேறுபடுத்தும் எந்தச் செயலும் கூடாது என்றும் சொல்கிறது. 2023 டிசம்பர் 18 அன்று வத்திக்கான் வெளியிட்ட அறிக்கை, திருமணச் சடங்கின் சாயல் இல்லாமல், வழிபாட்டு முறைக்கு வெளியே, ஒருபாலின இணையருக்கும் குருக்கள் ஆசி வழங்கலாம் என்று அனுமதித்தது. பல சீர்திருத்தச் சபைகள் உறுப்பினராக உள்ள இந்திய தேசியத் திருச்சபைகள் மன்றம் இப்பொருளில் கருத்தரங்குகள் நடத்திவருகிறது. உறுப்பினர் சபைகள் எல்லாம் ஒரே கருத்துக்கு வந்துவிடவில்லை. இதை மறைத்து, சபை முழுக்க ஏற்றுக்கொண்டுவிட்டது என்று சொல்லி ஒருவரை உள்ளே அழைத்துச் சென்றால், முதல் ஞாயிறே அவர் மனம் உடைந்துபோவார்.

சைவர்களுக்கும் வைணவர்களுக்கும் இது வெளியிலிருந்து வந்த பேச்சு அன்று. மார்கழி அதிகாலையில், உறைபனி கொட்டும் உதகையிலும்கூடப் பாடப்படும் திருவெம்பாவையின் 18ஆம் பாட்டில், பெண்ணாகவும் ஆணாகவும் இரண்டும் அல்லாத பாலாகவும் நின்று, இவை அத்தனைக்கும் வேறாகவும் நிற்பவன் என்று இறைவனை மணிவாசகர் பாடுகிறார். இம்மூன்று பாலுக்குள்ளும் அடங்காதவன் என்று நம்மாழ்வார் திருவாய்மொழியில் பாடுகிறார். திருச்செங்கோட்டில் பாதி பெண்ணுருவாக நிற்கும் இறைவனை வணங்க மலையிலிருந்தும் மக்கள் போகிறார்கள். சித்திரையில் கூவாகம் கூத்தாண்டவர் கோயிலில் திருநங்கையர் அரவானுக்குத் தாலி கட்டிக்கொள்வதும் மறுநாள் அதை அறுத்து அழுவதும் நாடறிந்தவை. இவ்வளவு இருந்தும், அர்த்தநாரிக்குக் கற்பூரம் காட்டிய கையோடு திருநங்கைக்கு வாடகை வீடு இல்லை என்று சொல்லிவிடுகிறோம். நூல் தயாராக இருப்பது போதாது. அதைச் சொந்தத் தெருவுக்குள் கொண்டுவரும் ஆள் வேண்டும். தூத்துக்குடிக் கோயில் ஒன்றில் ஓர் ஆணுக்கும் திருநங்கைக்கும் நடந்த திருமணத்தைப் பதிவு செய்ய மறுத்த வழக்கில், இந்து திருமணச் சட்டத்தில் வரும் மணமகள் என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. இஸ்லாமியச் சட்ட அறிஞர்களும் இடைப்பாலினராகப் பிறந்தோரின் தொழுகை, வாரிசுரிமை பற்றிப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே விரிவாக எழுதியிருக்கிறார்கள். அவர்களும் ஜமாஅத்தில் வைத்து எண்ணப்பட வேண்டியவர்களே என்பது அந்த எழுத்துகளிலேயே தெரிகிறது.

இப்படிப்பட்ட துணையை அமைப்பாக உருவாக்கிய முயற்சிகளுக்கு அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. தன்பாலீர்ப்பின் காரணமாகத் தம் சபை ஊழியத்தை இழந்த டிராய் பெர்ரி என்ற போதகர், 1968 அக்டோபர் 6 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் அருகே தம் வீட்டுக் கூடத்தில் பன்னிரண்டு பேரோடு நடத்திய ஆராதனை, பின்னர் பல நாடுகளுக்குப் பரவிய ஒரு சபையாக வளர்ந்தது. அதைவிட நம் ஊருக்குப் பொருந்துவது 1973இல் நியூயார்க்கில் நடந்தது என்று நினைக்கிறேன். தன்பாலீர்ப்புடைய மகனுக்காக வெளிப்படையாக நின்ற ஜீன் மேன்ஃபோர்டு என்ற பள்ளி ஆசிரியை, தம்மைப் போன்ற பெற்றோரைக் கூட்டிப் பேச ஒரு மெதடிஸ்ட் ஆலயம் இடம் கொடுத்தது. முதல் கூட்டத்துக்கு வந்தவர்கள் இருபது பேர் அளவில்தான் இருந்தார்கள். அந்த ஆலயம் தன் கோட்பாட்டை மாற்றி எழுதியிருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. ஒரு மாலைப் பொழுதுக்கு அறையைத் திறந்துவைத்தது. தாய் தகப்பன்மார் ஒருவர் கண்ணீரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மலைச் சபைகளில் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கும், கத்தோலிக்கப் பங்குகளில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டங்களுக்கும் இதைச் செய்யும் வலு இன்றைக்கே இருக்கிறது.

நடைமுறையில் இது எப்படி இருக்கும் என்று பார்ப்போம். கோத்தகிரிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருபது வயதைக் கடந்த ஓர் இளைஞர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சபைப் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிப்பவர். அம்மா கொழுந்து எடுப்பவர். அந்த இளைஞர் இன்னோர் இளைஞருக்கு அனுப்பிய செய்தியை யாரோ பார்த்துவிடுகிறார்கள். மறுநாள் மாலை இலை எடை போடும் இடத்தில் அம்மா வந்து நின்றதும் பேச்சு நின்றுபோகிறது. அந்த வார ஞாயிற்றுக்கிழமைதான் முடிவான நாள். அன்று கீபோர்டுக்கு வேறொருவரை உட்காரவைத்தால், யாரும் ஒரு வார்த்தை பேசாமலேயே தீர்ப்பு எழுதப்பட்டுவிடும். உபதேசியார் சனிக்கிழமை இரவே லைன் வீட்டுக்குப் போய், கட்டன் சாயாவை வாங்கிக் குடித்துவிட்டு, “தம்பி, நாளைக்கு ரெண்டாவது பாட்டு நீதான் வாசிக்கணும், வழக்கம்போல எட்டரைக்கு வந்துடு. அம்மா, நீங்களும் சங்கத்துக்கு வராம இருந்துடாதீங்க” என்று சொல்லிவிட்டு வந்தால் அதுவும் ஒரு தீர்ப்புத்தான். ஈர்ப்பைப் பற்றி அவர் பேச வேண்டியதே இல்லை. பேச வேண்டுமா என்பதை அந்த இளைஞரே பிறகு முடிவு செய்யட்டும்.

இரகசியம் காப்பதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் மலையில் நல்லெண்ணம் கெட்டுப்போவது பெரும்பாலும் இதில்தான். கத்தோலிக்கரின் ஒப்புரவு அருட்சாதனத்தில், அதாவது பாவ அறிக்கையில், கேட்டதைக் குரு எந்த நிலையிலும் வெளியிட முடியாது. மற்ற இடங்களில் அப்படிப்பட்ட பூட்டு இல்லை. தாய் அழுதுகொண்டே போதகரிடம் சொன்னது, வீட்டு ஜெபக் கூட்டத்தில் பெயர் சொல்லாத ஜெபக்குறிப்பாக வைக்கப்படுகிறது. ‘நம்ம தோட்டத்து வாலிபன் ஒருவனுக்காக’ என்ற சொல்லிலேயே ஆள் யார் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடுகிறது. இரவுக்குள் வாட்ஸ்அப் குழுவில் அது கூடலூர்வரை போய்விடுகிறது. ஜெபித்தவர்கள் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் அந்த இளைஞருக்கு வேலை போகலாம், அடி விழலாம், அவர் ஊரை விட்டே ஓட வேண்டிவரலாம். ஆகவே கேட்ட செய்தியை, சொன்னவரின் சம்மதம் இல்லாமல், கடவுளிடம் தவிர வேறு யாரிடமும் கொண்டுபோகக் கூடாது. மனைவியிடமும் கணவரிடமும் கமிட்டியிலும்கூட.

திருநங்கையர், திருநம்பியர் நிலை வேறு விதமானது. அவர்களில் பலரால் மறைந்திருக்க முடியாது. அவர்களுக்குத் துணை என்பது பெயரில் தொடங்குகிறது. தாம் சூட்டிக்கொண்ட பெயரில் அர்ச்சனை செய்வது, அந்தப் பெயரில் வரி எழுதுவது, ஆலயத்தில் பெண்கள் பக்கம் உட்காரும் திருநங்கையைப் பார்த்து யாரும் எழுந்து நகராமல் இருப்பது ஆகியவை சிறியவையாகத் தெரியலாம். உதகை மாரியம்மன் திருவிழாவில் வெவ்வேறு சமூகத்தார் ஆளுக்கொரு நாள் உபயம் ஏற்று நடத்துவது வழக்கம். அப்படி ஓர் உபயத்தில் திருநங்கையர் பூத்தட்டு ஏந்தி முன்வரிசையில் நடந்தால், மறுநாள் மார்க்கெட்டில் அவர்களை மக்கள் பார்க்கும் பார்வையே வேறாகிவிடும். தமிழ்நாட்டில் 2008 முதலே திருநங்கையர் நல வாரியம் இயங்குகிறது. அதன் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கக் கலெக்டர் ஆபீசுக்குக் கூடவே ஒருவர் போய்வருவதும் இறைப்பணிதான்.

நம்பிக்கை என்று எதைச் சொல்கிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். நாளையே பெற்றோர் மனம் மாறிவிடுவார்கள், ஊர் ஏற்றுக்கொள்ளும் என்று வாக்குக் கொடுக்க யாருக்கும் உரிமை இல்லை. சட்டத்தில் நடந்த மாற்றங்களைச் சொல்லலாம், ஏனெனில் அவை நடந்தேறியவை. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், வயதுவந்த இருவரின் சம்மதத்தோடு கூடிய உறவைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கியது. எனவே காவல் நிலையம் என்று சொல்லி யாரும் மிரட்ட முடியாது. ஒருபாலினத் திருமணத்துக்கு 2023 அக்டோபரில் அதே நீதிமன்றம் சட்ட ஏற்புத் தரவில்லை. 2025 மே மாதம் சென்னை உயர்நீதிமன்றம், குடும்பம் அமைய ஒரே வழி திருமணம் மட்டும் அன்று என்றும், பால்புதுமையினர் தாமே தேர்ந்துகொள்ளும் குடும்பமும் குடும்பமே என்றும் கூறியது. முன்னேற்றமும் பின்னடைவுமாகத்தான் பாதை இருக்கிறது. இதற்கிடையில் வாழ வேண்டிய ஒருவருக்கு நம்பிக்கை தருவது, தனக்கு முன்னே இதே ஊர்ப் பக்கம் இப்படியே வாழ்ந்து நரைத்தவர் ஒருவரைப் பார்ப்பதுதான். அத்தகைய மூத்தவர்கள் மலையிலும் இருக்கிறார்கள். வெளியே தெரியாமல் இருப்பதே அவர்களுக்குப் பாதுகாப்பாக இருந்துவந்திருக்கிறது. இளையவர் ஒருவரிடம் மட்டுமாவது அவர்கள் பேச முன்வந்தால், அது நூறு பிரசங்கங்களுக்குச் சமம்.

சில நேரங்களில் ஜெபத்தோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, தன் பொருள்களை மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டு, ‘நான் இல்லாமல் போனால் எல்லாருக்கும் நிம்மதி’ என்ற தொனியில் ஒருவர் பேசத் தொடங்கினால், அவரைத் தனியே விடாமல் உடன் இருந்து, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் தூண்டப்படுவதில்லை. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. அடியோ வீட்டுச் சிறையோ நடக்கிறது என்றால் இலவச சட்ட உதவி கேட்டு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்.

சொந்தச் சபையோ கோயிலோ கடைசிவரை இணங்காத இடங்களும் உண்டு. அங்கே இருப்பவர் தம் பக்தியை அவர்களிடமே விட்டுவிட்டு வர வேண்டியதில்லை. உதகையின் காந்தல் குருசடி என்ற சிலுவைத் திருத்தலத்தில் யார் என்று எவரும் கேட்காமல் பிற்பகல் முழுக்க உட்கார்ந்திருக்கலாம். வீட்டு விளக்கின் முன் பதிகம் பாடவோ, லைன் வீட்டுக்குள்ளேயே ஐவேளை தொழவோ யாருடைய கையெழுத்தும் தேவையில்லை. நம்பிக்கைக்குரிய ஒரு தோழியும் ஓர் அத்தையும் வாரம் ஒரு மாலை சேர்ந்து அமர்ந்தால் அதுவே ஒரு கூடுகை. மேட்டுப்பாளையம் இறங்கிக் கோயம்புத்தூர் போகும் வசதி உள்ளவர்கள் அங்குள்ள பால்புதுமையினர் வட்டங்களைத் தேடிக்கொள்ளலாம். முடியாதவர்களுக்குத் தொலைபேசி வழியாகவும் அவை எட்டும். ஊரில் எதிர்ப்பு கடுமையாக இருக்கும்போது, எல்லாரிடமும் சொல்லித்தான் தீர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. யாரிடம், எப்போது, எவ்வளவு சொல்வது என்பதை வாழப்போகிறவரே முடிவு செய்ய வேண்டும். வாடகையும் வேலையும் தங்குவதற்கு மாற்று இடமும் உறுதியான பிறகு சொல்வதே பெரும்பாலும் பாதுகாப்பானது. அதுவரை பொறுத்திருப்பவரைப் பொய்யர் என்றோ, விசுவாசம் குறைந்தவர் என்றோ அவருடைய துணைவர்கள் எண்ணக் கூடாது.